இரண்டு குமாஸ்தாக்கள்

குமாஸ்தாவைப் பற்றிக் கதை எழுதுவது சுலபம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. போதாத சம்பளம், மாதக் கடைசியில் கடன், கொடுமைக்கார மேலதிகாரி - இவற்றைச் சொல்லிவிட்டால் கதை ஆகிவிடுகிறது. வாசகரும் 'ஐயோ பாவம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். ஆனால் காரியாலயத்தில் ஒருவன் இன்னொருவனோடு எப்படிப் பேசுகிறான், பேசியது எங்கே போய்ச் சேருகிறது என்று கவனித்து எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் இருவரை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவர் செகாவ். 'ஒரு குமாஸ்தாவின் மரணம்' அவர் இருபத்து மூன்று வயதில், 1883இல், எழுதிய மிகச் சிறிய கதை. நாடகக் கொட்டகையில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் செர்வியாகோவ் தும்மிவிடுகிறான். முன்வரிசைக் கிழவர் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொள்கிறார். பார்த்தால், ஜெனரல் அந்தஸ்துள்ள பெரிய உத்தியோகஸ்தர்! மன்னிப்புக் கேட்கிறான், பரவாயில்லை என்கிறார். இடைவேளையில் மறுபடி கேட்கிறான். மறுநாள் முடி வெட்டிக்கொண்டு, புது உடுப்பு மாட்டிக்கொண்டு தேடிப்போய்க் கேட்கிறான். அதற்கு அடுத்த நாளும் போகிறான். கடைசியில் அவர் வெளியே போகச் சொல்லிக் கத்துகிறார். வீட்டுக்கு வந்து, உடுப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் படுத்துச் செத்துப்போகிறான்.

இந்தக் கதையில் கொடுங்கோலன் யாரும் இல்லை. ஜெனரல் அவனுடைய மேலதிகாரிகூட அல்ல, வேறு இலாகாக்காரர். முதல் தடவையே மன்னித்துவிட்டார். அந்தச் சொல்தான் அவனை எட்டவில்லை. மனிதர் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. பதவி என்ன நினைத்திருக்கும் என்றே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறான். அவருக்கோ, திரும்பத் திரும்ப வருகிறவன் தம்மைக் கேலி செய்கிறான் என்று தோன்றுகிறது. கீழே மரியாதையாகப் புறப்பட்ட வார்த்தை மேலே போகும்போது பரிகாசமாகிவிடுகிறது. இடையில் இருப்பதோ ஒரே ஒரு வரிசை நாற்காலிதான்.

மற்றவர் அமெரிக்க நாவலாசிரியர் மெல்வில். அவருடைய 'பார்ட்டில்பி' 1853இல் வெளிவந்தது. நியூயார்க் வால் தெருவில் ஒரு வக்கீல். அவரிடம் நகல் எழுத வருகிறவன் பார்ட்டில்பி. செர்வியாகோவ் பேசிப் பேசிச் செத்தான் என்றால், இவன் பேசாமலே சாகிறான். ஒரு வேலையைச் செய்யச் சொன்னால், செய்யாதிருப்பதே தனக்கு விருப்பம் என்று பணிவாகச் சொல்வான், அவ்வளவுதான். சண்டையும் இல்லை, காரணமும் இல்லை.

வக்கீல் நல்லவர். பணம் தருகிறார், தம் வீட்டுக்கே வந்து தங்கச் சொல்கிறார். ஆனால் ஆரம்பத்தில் அவர் செய்த ஓர் ஏற்பாட்டை வாசகர் மறக்கக் கூடாது. பார்ட்டில்பியின் மேஜைக்கும் தம் மேஜைக்கும் நடுவே உயரமான பச்சைத் திரை ஒன்றை நிறுத்துகிறார். கூப்பிட்டால் அவனுக்குக் கேட்க வேண்டும். முகம் மட்டும் தெரியக் கூடாது. முதல் மறுப்பு வரும் தருணத்திலும் அவர் நிமிர்ந்து பார்க்காமல் காகிதத்தை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கட்டளை போவதற்கு மட்டும் வழி வைத்த இடத்தில், பிற்பாடு இரக்கம் போக வழி தேடினால் கிடைக்குமா?

மெல்வில் இந்தத் திரையோடு திருப்தி அடைந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். முடிவில், பார்ட்டில்பி முன்பு வாஷிங்டனில் உரியவருக்குச் சேராத கடிதங்களைக் கையாளும் தபால் பகுதியில் வேலை பார்த்ததாக ஒரு வதந்தியைச் சேர்க்கிறார். பலர் அந்த இடத்தை மிகவும் புகழ்வார்கள். எனக்கோ, வக்கீல் தம் மனத்தைச் சமாதானம் செய்துகொள்ளக் காரணத்தை வெளியே தேடுவதாகவே படுகிறது. காரணம் அவர் அறைக்குள்ளேயே மடித்து வைக்கக்கூடிய திரையாக நின்றுகொண்டிருந்தது. செகாவ் இப்படி எதையும் சேர்ப்பதில்லை. குமாஸ்தா செத்தான் என்று சொல்லி நிறுத்திவிடுகிறார். உருவத்தில் அவர் கதையே கச்சிதம், ஆழத்தில் மெல்விலுடையது.

பகலெல்லாம் 'சார், சார்' என்று சொல்லிவிட்டு இரவில் கதை படிக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் தங்கள் மேலதிகாரியை நினைத்துக்கொண்டுதான் இந்தக் கதைகளைப் படிப்பார்கள். தங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரை நினைத்துக்கொண்டு இன்னொரு தடவையும் படித்துப் பார்க்கலாம்.