புள்ளியில் இடறும் பைத்தான்

பைத்தானில் கோப்பைத் திறந்து படிக்க இரண்டே வரி போதும், மாணவர்களுக்கு இதைவிட எளிய மொழி கிடையாது என்கிறார்கள். பிளஸ் டூ கணினி அறிவியலில் 2019-20 கல்வியாண்டில் பைத்தான் நுழைந்து, சிஎஸ்வி கோப்புகளுக்கென்று தனிப்பாடமும் வந்தபின் இந்தப் பாராட்டு இன்னும் ஓங்கி ஒலிக்கிறது.

அதில் நியாயம் உண்டு. ‘வித்’ போட்டு எழுதினால், நடுவில் பிழை வந்தாலும் கோப்பு தானாக மூடிக்கொள்ளும். பெரிய கோப்பையும் வரிவரியாகப் படிக்கலாம், நினைவகம் திணறாது. சி மொழியில் சுட்டிகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்த இரண்டு வரியில் விடுபடுவது குறியாக்கம், அதாவது எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறை. அதைக் குறிப்பிடாவிட்டால் பைத்தான் இயங்குதளத்தின் வழக்கத்தை எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் அது பொதுவாக யூனிகோடுக்கான யுடிஎஃப்-8. நம் ஊர் விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலும் சிபி1252, அதாவது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான அட்டவணை. தமிழுக்கு அதில் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது.

நெல்லை மாவட்ட ஊர்ப்பெயர்களை நோட்பேடில் தட்டி, யுடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்து, அப்படிப்பட்ட விண்டோஸில் இந்த இரண்டு வரியால் படித்துப் பாருங்கள். ‘கங்கைகொண்டான்’ வந்தால் இரண்டாம் எழுத்தான ‘ங்’-கில் நிரல் நின்றுவிடும். யுடிஎஃப்-8இல் புள்ளிக்கு மூன்று பைட்டுகள். கடைசி பைட்டின் மதிப்பு 141. சிபி1252இல் அந்த இடம் காலி. உகரக் குறிக்கும், ஏ, ஐ எழுத்துகளுக்கும் இதே கதி. எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கும் ஊரின் பெயரையே படிக்க முடியாத நிரலை எளிமை என்று எப்படி ஒப்புக்கொள்வது?

நின்றுபோவதாவது தேவலை. ‘பாளை’ என்று மட்டும் எழுதிய கோப்பு பிழையே காட்டாமல் திறந்துகொள்ளும். நான்கு குறியீடுகள் இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு ஐரோப்பியக் குறிகள் வந்து உட்காரும். நீளம் கேட்டாலும் தப்பு, தேடினாலும் கிடைக்காது. எழுதும்போது நிலைமை இன்னும் மோசம். ‘டபிள்யூ’ முறையில் திறந்த கணமே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும். பிறகு தமிழை எழுத முடியாமல் நிரல் நிற்கும். மிஞ்சுவது வெற்றுக் கோப்பு.

இதற்கு வகுப்பில் எளிதாகக் கிடைக்கும் தீர்வு, ‘ஊர்ப்பெயரை இங்கிலீஷிலேயே போடு’ என்பதுதான். என் நெடுநாள் ஆட்சேபணையும் இதன்மேல்தான். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. பதினேழு வயதுப் பிள்ளையோ, கணினிக்குத் தமிழ் ஒத்துவராது என்ற முடிவோடு ஆய்வகத்திலிருந்து வெளியே வருகிறது. குற்றம் தமிழில் இல்லை, சொல்லித்தந்த வரியில் இருக்கிறது.

பைத்தானின் 3.15 பதிப்பில் யுடிஎஃப்-8ஐயே இயல்பாக்க முடிவாகிவிட்டதே என்று சமாதானம் சொல்கிறார்கள். அது அந்தப் பதிப்புக்கு மாறும் கணினிகளுக்கு மட்டும்தான்.

ஆசிரியர்களே, கோப்பைத் திறக்கச் சொல்லித்தரும் முதல் நாளே ‘என்கோடிங்’ யுடிஎஃப்-8 என்பதையும் சேர்த்து எழுதவையுங்கள். எக்செலில் திறக்கப்போகும் சிஎஸ்வி என்றால் ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று எழுதவையுங்கள். முதல் பயிற்சிக் கோப்பில் பிள்ளைகளின் சொந்த ஊர்ப்பெயர்கள் தமிழிலேயே இருக்கட்டும்.