காஞ்சனையை எக்செல்லில் போட்டுப் பார்த்தேன்

ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங் முடியும். அதுக்கு மேல தூக்கம் வராது. அந்த நேரம்தான் எனக்குப் புத்தகம். போன மாதம் எடுத்தது ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-ல் காலச்சுவடு வெளியிட்ட 'புதுமைப்பித்தன் கதைகள்'. தலையணை சைஸ். இந்தத் தடவை முழுசாகப் படிக்கவில்லை. பேய், எமன், சாபம், சாகாவரம் என்று இருட்டுப் பக்கம் போகிற கதைகளை மட்டும் பொறுக்கிப் படித்தேன். இன்றைக்கு 'டார்க் ஃபேன்டஸி' என்று இதற்குத் தனி அலமாரியே போட்டுவிட்டார்கள். புதுமைப்பித்தன் (1906–1948) அப்படிப் பிரித்துக்கொண்டு எழுதியவர் இல்லை. 'செல்லம்மா'ளை எழுதிய அதே கைதான் 'காஞ்சனை'யையும் எழுதியது. மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைனை 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்ததும் அந்தக் கைதான்.

'காஞ்சனை' (1943) கதை தெரியாதவர்களுக்கு: தூக்கம் வராத ஓர் எழுத்தாளர். நடு ராத்திரியில் எங்கிருந்தோ ஒரு வாசனை. அதுவே பிண நாற்றமாக மாறுகிறது. பிச்சை கேட்டு வந்த ஒருத்தியை மனைவி வீட்டு வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறாள். கதைசொல்லியின் கண் முதலில் போவது அவள் காலுக்குத்தான், தரையில் பாவுகிறதா என்று. தரைக்கு மேல் ஓரிழை உயரத்தில் பாவாமல் நடமாடுவது போல் இருக்கிறது. பயம் போகவில்லை.

நான் இன்ஜினியர். புத்தி சும்மா இருக்குமா? முதல் தடவை படித்தபோது (அப்போ வயசு முப்பது இருக்கும்) இதை ஒரு பக் மாதிரி எடுத்துக்கொண்டேன். எக்செல்லில் இரண்டு பத்தி: 'பேய்தான்' என்பதற்கு ஆதாரம், 'தூக்கமின்மையால் வந்த பிரமை' என்பதற்கு ஆதாரம். மனைவியின் கழுத்தில் தெரியும் ரத்தத் துளியை இந்தப் பத்தியிலும் போடலாம், அந்தப் பத்தியிலும் போடலாம். ஒவ்வொரு வரியும் அப்படித்தான். கடைசியில் 'ஆசிரியர் முடிவு செய்யாமல் விட்டுவிட்டார்' என்று ஒரு குறை வேறு எழுதிவைத்தேன். இன்றைக்கு அதைப் பார்த்தால் கூச்சமாக இருக்கு.

காரணம் அம்மா. கடைசி நாட்களில் ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டு, "தம்பி, வாசல்ல யாரோ நிக்கறாங்க பாரு" என்பார். நானும் உடனே, "யாரும் இல்லம்மா, தூங்கு" என்பேன். மருந்தோட வேலை, வயசு என்று அம்மாவை இரண்டாவது பத்தியில் போட்டுவிட்டேன். போட்டது சரியாகவே இருக்கலாம். ஆனால் நான் ஒரு தடவைகூட எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து சொல்லவில்லை. இப்போது 'காஞ்சனை'யில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேலைக்காரி பேயா இல்லையா என்பதில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இரண்டு பேரில் ஒருத்தர் பயம் இன்னொருத்தரிடம் போய்ச் சேரவே மாட்டேன் என்கிறதே, அதுதான்.

இன்னொன்று. எங்க ஊர் பேரே ஒரு மாயக்கதை. திருமழிசை ஆழ்வாருக்குத் தொண்டு செய்த கிழவி இளமை பெறுகிறாள். பல்லவ ராஜாவுக்கும் இளமை வேண்டும். அது கிடைக்காத கோபத்தில் ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை நாடு கடத்துகிறான். கூடவே ஆழ்வார் கிளம்ப, திருவெஃகா பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போகிறார். காஞ்சி இருண்டுவிடுகிறது. அவர்கள் ஓர் இரவு இருந்த இடம் 'ஓரிரவிருக்கை'. அதுதான் மருவி ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். (சொல்லாராய்ச்சிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) ராஜா மன்னிப்புக் கேட்டதும் எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். போய் வந்ததற்கு அடையாளமாகப் பெருமாள் இன்றும் இடம் வலம் மாறிப் படுத்திருக்கிறார்.

இருட்டு இதிலும் இருக்கு. ஆனால் ஒரு ராத்திரிக்குத்தான். புதுமைப்பித்தன் இதே சாமான்களை எடுத்துக்கொண்டு, 'திரும்பிவிடுகிறார்கள்' என்கிற அந்த ஒரு பகுதியை மட்டும் கழற்றிவிடுகிறார். 'சாப விமோசன'த்தில் ராமன் கால் தூசியால் பெண்ணான அகலிகை, அவன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன சேதியைக் கேட்டதும் மறுபடி கல்லாகிறாள். அந்தக் கல்லை எழுப்ப இனி யாரும் வரப்போவதில்லை. பேயே இல்லாத அந்தக் கதைதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் நடுக்கம் தந்தது.

எல்லாம் இந்தத் தரத்தில் இல்லை. 'பிரம்ம ராக்ஷஸ்' எனக்கு ஒட்டவில்லை. சாகாத உடம்பு தேடிப்போனவன் கதை; பல்லவ ராஜாவின் ஆசையேதான். ஆனால் மொழி கனத்துக் கிடக்கிறது, குகையும் இருளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பயப்பட இடமே இல்லாமல் போகிறது. பயம் வர ஒரு சாதாரண வீடு வேண்டும், வெற்றிலைப் பெட்டி வேண்டும், வேலைக்காரிக்குச் சம்பளம் எவ்வளவு என்கிற பேச்சு வேண்டும்.

'காலனும் கிழவியும்' கதையில் அது இருக்கு. உயிரை எடுக்க வந்த எமன், ஒரு கிழவியின் வாய்க்கு ஈடு கொடுக்க முடியாமல் தோற்றுத் திரும்புகிறான். அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டிய கதை. நின்றது யார் என்று கேட்டு நாலு வார்த்தை கொடுத்து அனுப்பியிருப்பார்.

'கபாடபுர'த்தை இதில் சேர்க்கவில்லை; இன்னும் இரண்டு தடவை படிக்கணும்.