அடைக்கலம் கொடுத்தவர் எங்கே?

தேம்பாவணியைப் பக்திநூல் என்றோ தமிழ்த்தொண்டு என்றோ பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். காவியமாக எடுத்துக்கொண்டு அதனோடு மல்லுக்கு நின்றவர்கள் குறைவு.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மேற்கே, கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. 1701இல் தஞ்சை மராட்டிய அரசன் ஷாஜி கிறிஸ்தவர்களை விரட்டியபோது, எல்லை தாண்டி வந்தவர்களுக்கு அந்த மிஷன் புகலிடமாயிற்று. மண் அரியலூர் மழவராயர்களுடையது, அவர்கள் கிறிஸ்தவர்களல்லர். இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். அங்கே மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர். வீரமாமுனிவர் ஊரையே திருக்காவலூர் ஆக்கிக் கலம்பகம் பாடினார்.

அதே மனிதர் 1726இல் முடித்த தேம்பாவணியிலும் ஓர் அகதிக் குடும்பம் உண்டு. ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்கு ஓடுகிறார்கள். அங்கே வீடு கொடுத்தவர் யார் என்று மத்தேயு சொல்லவில்லை. எங்கள் பாங்கில் யாருடையதென்று தெரியாத பணத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோம். அந்த எகிப்தியர் அப்படித்தான் கிடக்கிறார். 3615 பாடல்கள் எழுதியவருக்கு அவரைத் தேட இடமிருந்தது. தேடவில்லை. வளன் எகிப்தில் போதகனாகிவிடுகிறான். வந்தவன் கொடுப்பவனாகிறான், இருந்தவன் பெறுபவனாகிறான். விருந்தோம்பல் என்ற அனுபவமே நழுவிவிடுகிறது.

கோளாறு கிறிஸ்தவத்தில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்நியனை ஏற்றவன் என்னையே ஏற்றான் என்ற பொருளில் இயேசு பேசும் இடத்தில் (அதுவும் மத்தேயுதான்), கொடுத்தவர்களுக்குத் தாங்கள் யாருக்குக் கொடுத்தோம் என்று தெரியாது. தெரியாமல் கொடுத்ததில்தான் அதன் வலு. வந்திருப்பது தெய்வம் என்று வாசகனுக்கு முதலிலேயே தெரிந்த காவியத்தில் அந்தச் சோதனைக்கு வழியில்லை.

சிலப்பதிகாரத்து மாதரிக்கு ஒன்றும் தெரியாது. மோர் விற்கிறவள். கவுந்தியடிகள் ஒப்படைத்த பெண்ணுக்குத் தனி மனை தருகிறாள். வந்தவர்கள் சாவக நோன்பினர் என்பதறிந்து அதற்கேற்ற காய்கறியும் அரிசியும் புதுக்கலங்களும் கொடுக்கிறாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். பிறகு அடைக்கலப் பொருளைக் காக்க முடியவில்லை என்று தீயில் விழுந்து சாகிறாள். அதை மாடலன் வாயால் போகிற போக்கில் சொல்லவைத்தது இளங்கோவின் சாமர்த்தியமா, அலட்சியமா என்று என்னால் இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

வீரமாமுனிவரின் சேசு சபையே 1980இல், வியட்நாமிலிருந்து படகில் தப்பியவர்களைக் கண்டு, அகதிகளுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கியது. 1983க்குப் பிறகு ஈழத்தமிழர் நம் கரைக்கு வந்தார்கள். மண்டபம் முகாம் பற்றி நம்மவர் எழுதிய கவிதைகளில் என் கண்ணில் பட்டவையெல்லாம் கண்ணகி பக்கம் நின்று எழுதியவை. முகாமுக்கு வெளியே குடியிருந்து, குழாயடியில் அவர்களோடு குடம் வைத்து நின்றவள் ஒன்றிலும் இல்லை.