காலுக்காகக் கட்டிய பாட்டு

அமெரிக்க ராப் பாடகர் சோல்ஜா பாயின் 'கிராங்க் தட்' பாடலைக் கவிதை என்று ஒப்புக்கொள்ள நமக்கு இன்றும் மனமில்லை. சொல்வளம் இல்லை, கருத்தாழமும் இல்லை. சில சொற்களோ குடும்பத்தார் நடுவே உச்சரிக்கத் தகாதவை. ராப் கலையையே இவர் கொன்றுவிட்டார் என்று மூத்த கலைஞர் ஐஸ்-டி 2008இல் சினந்ததில் வியப்பில்லை.

ஆயினும், அப்பாடல் பிறந்த விதத்தை எண்ணும்போது நம் பேனா சற்றே தயங்குகிறது. மிசிசிப்பி மாநிலத்தின் பேட்ஸ்வில் என்னும் சிற்றூரில் இருந்தபடி, கணினியில் தாமே தாளம் அமைத்தார், தாமே பாடினார், இணையத்தில் தாமே பரப்பினார். புகழ்பெற்ற பாடல்களின் பெயரைத் தம் பாடல்களுக்குச் சூட்டி உலவவிட்டதும் உண்டு. அந்தத் தந்திரத்தை நாம் மெச்சவில்லை. ஆடும் முறையையும் படமெடுத்துக் காட்டினார். பார்த்தவர் ஆடினர், ஆடியவரைப் பார்த்துப் பிறரும் ஆடினர். 2007இல் பில்போர்டு பட்டியலில் 7 வாரங்கள் முதலிடம். அப்போது அவருக்கு வயது 17.

காலுக்காகக் கட்டிய பாட்டை ஏட்டில் எழுதி வைத்து எடைபோட்டது நம் பிழையே. அதன் ஸ்டீல் டிரம் ஓசை தொடங்கியதும், இதை எழுதும் மேசையிலேயே நம் விரல் தாளமிடுகிறது, மறைத்துப் பயனில்லை.