ஒழுங்கீனமும் மன அழுத்தமும்: பள்ளி திரும்பிய பிள்ளைகள் பற்றிச் சில குறிப்புகள்

2022 மே மாதம். ஆசிரியர்களிடம் மாணவர்கள் மோசமாக நடந்துகொண்ட வீடியோக்கள் செல்போன்களில் சுற்றிக்கொண்டிருந்த நேரம். ஒழுங்கீனமாக நடப்பவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்படுவார்கள், மாற்றுச் சான்றிதழில் காரணமும் எழுதப்படும் என்று சட்டமன்றத்தில் பள்ளிக்கல்வி அமைச்சர் அறிவித்தார். ஜூலையில் கள்ளக்குறிச்சி அருகே தனியார் பள்ளி விடுதி மாணவி ஒருவர் இறந்தார். தொடர்ந்து வேறு ஊர்களிலிருந்தும் மாணவர் மரணங்கள் செய்தியாகின. எங்கும் மனநல ஆலோசனை பற்றிய பேச்சு எழுந்தது. அக்டோபரில் 14416 என்னும் தொலைபேசி மனநலச் சேவை நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்டது. மே மாதத்தில் 'ஒழுங்கீனம்', ஜூலையில் 'மன அழுத்தம்'. கொரோனா முடக்கத்திலிருந்து திரும்பி வந்த பிள்ளைகள் என்னவோ அதே பிள்ளைகள்தான்.

எந்தச் சொல் யார்மேல் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டால் அது 'டிப்ரஷன்'. சேரியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருகிற பையன் பெஞ்சை உடைத்தால் அவன் 'ரவுடி'. இவனுக்கு டி.சி., அந்தப் பிள்ளைக்குக் கவுன்சிலர். நோய், குற்றம் என்று பிரிக்கிற கோட்டை இங்கே வர்க்கமும் சாதியும்தான் கிழிக்கின்றன. மருத்துவமும் தண்டனையும் எதிரெதிரானவை அல்ல, ஒரே ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் இரு கைகள் என்று ஃபூக்கோவை வைத்து நாம் பேசியது வெறும் தத்துவமில்லை. சிக்கல் பிள்ளைக்குள்ளேதான் இருக்கிறது என்பதில் இரண்டு கைக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

வெளியே என்ன நடந்தது? 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், இடையில் இரண்டொரு மாதம் சில வகுப்புகளுக்குத் திறந்து மூடியது போக, 9 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு 2021 செப்டம்பர் 1இல்தான் திறந்தன. அதற்கு முந்தைய மாதம் ழான் திரேஸ் முதலியோர் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் சுமார் 1,400 பேரிடம் விசாரித்தார்கள். கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம். படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 37 சதவீதம். பனியன் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் பெயிண்டு வேலைக்கும் போன பையன்கள் எத்தனை பேர்! ஒன்றரை வருஷம் கூலி வாங்கி வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டவனை, திரும்ப வந்த அன்றைக்கே கையைக் கட்டி வாயைப் பொத்தி உட்காரச் சொன்னால் அவன் உட்காருவானா? போதாததற்கு 'கொரோனா பேட்ச்' என்று கிண்டல் வேறு.

இதைவிட ஆழமான ஒன்று துக்கம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஏராளமான பிணங்கள் வீடு வந்து சேரவில்லை. நம் ஊர்களில் சாவு தனியாளின் சமாச்சாரம் இல்லை. பந்தல் போடுவாங்க, பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பாங்க, பதினாறாம் நாள் வரைக்கும் ஆள் வந்தபடி இருக்கும். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லியே இழப்பு சொல்ல முடிகிற ஒரு கதையாக மாறும். அந்தச் சாவுவீடும் பறையடிக்க யார், குழிவெட்ட யார் என்று சாதி விதித்த வீடுதான். அதை மீட்டெடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அழுகைக்கு அங்கே ஒரு பொது இடம் இருந்தது. சுற்றிக் கட்டிய அப்பனின் உடலைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்த பதினைந்து வயசுப் பெண்ணுக்கு அது இல்லை. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி அறிவித்தது அவசியமான உதவி. பள்ளிகள் திறந்தபோது எல்லோரும் பேசியது 'கற்றல் இழப்பு' பற்றி. ஆள் இழப்பு பற்றிப் பேச அங்கே சொல்லே இருக்கவில்லை. கூட்டாக அழ வேண்டிய ஒன்றைத் தனியாக ஒரு எண்ணுக்குப் போன் போட்டுச் சொல் என்கிறோம்.

2021இல் யுனிசெஃப் 21 நாடுகளில் எடுத்த கணிப்பில், மனநலச் சிக்கலுக்குப் பிறர் உதவியை நாடுவது நல்லது என்று சொன்ன 15-24 வயதினர் இந்தியாவில் 41 சதவீதம்தான். 21 நாடுகளின் சராசரி 83. உடனே 'விழிப்புணர்வு இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறது பொதுப்புத்தி. சொன்னால் யார் காதுக்குப் போகும், பிறகு நமக்கு என்ன பெயர் விழும் என்பது தெரிந்ததாலும் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் இருக்கலாம் இல்லையா? டி.சி.யில் காரணம் எழுதுவேன் என்று சொன்ன பள்ளியிடமே மனசைத் திறந்து பேசு என்றால் எப்படிப் பேசுவது?

இதை வைத்து நம்மாளுங்க சிலர் 'மனநோய் என்பதே கட்டமைப்பு' என்று கிளம்பிவிடுவார்கள். அது ஆபத்து. வாரக்கணக்கில் தூக்கமில்லாத, சாவையே நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு மருத்துவர் வேண்டும், மாத்திரை தேவைப்பட்டால் மாத்திரையும் வேண்டும். 14416ஐக் கூப்பிட்டு ஒரு பிள்ளை பிழைத்தால் அந்த எண் இருந்தே ஆக வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமை என்கிறது. அந்த உரிமை பெஞ்சை உடைத்தவனுக்கும் உண்டு என்பதுதான் நம் வாதம்.

ஆகவே கவுன்சிலர் வேண்டாம் என்பதல்ல நம் கோரிக்கை. அவரிடம் சொன்னது தலைமையாசிரியரின் மேசைக்குப் போகக்கூடாது. நடத்தையைக் காரணம் காட்டி டி.சி. கொடுப்பது நிற்க வேண்டும். அந்த இரண்டு வருஷத்தில் யாரை இழந்தோம், என்ன வேலை செய்தோம் என்பதைப் பிள்ளைகள் தங்கள் மொழியில், கெட்ட வார்த்தையோடாவது, சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும். 2020இல் பதின்மூன்று வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இன்று ஓட்டுப்போடும் வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை. எழுதுகிறவர்களும் இயக்கத்தில் இருப்பவர்களும் அங்கிருந்து தொடங்கலாம்.