அடிக்குறிப்பிலிருந்து மேலே

ஆய்வு நூலை நாவல்போல முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிப்பவர்கள் பாதியிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். அதைக் கீழிருந்து மேலாகப் படிப்பதில்தான் எனக்கு ருசி. வரலாறு படிக்கும் முதுகலை மாணவர் கையில் நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' கிடைத்தால், முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தின் அடியை. அங்கே ஓர் எண்ணும் ஓர் ஆண்டும் இருக்கும். கல்வெட்டு ஆண்டறிக்கையில், மேலே உள்ள வாக்கியத்துக்கு ஆதாரமான சாசனத்தின் இடம் அது. மேலே கம்பீரமாக ஓடும் வாக்கியம் ஏதோ ஒரு கோயில் சுவரை நம்பி நிற்கிறது.

அதோடு விடக் கூடாது. நூலகத்தில் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதியை எடுத்து, அந்தச் சாசனத்தையே வாசிக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் சாசனங்களுக்கு இரண்டாம் தொகுதி. ஊர், நிலம், நெல்லளவு என்று அது தன் போக்கில் பேசும். அதில் ஆசிரியர் எதை எடுத்தார், எதை விட்டார் என்பது தெரியும் கணத்துக்கு ஈடான வாசக இன்பம் அபூர்வம்.

பிறகு 1980இல் வந்த பர்ட்டன் ஸ்டெய்னின் நூலைப் பக்கத்தில் வைக்கலாம். சாஸ்திரி கண்ட வலிமையான மைய அரசை ஸ்டெய்ன் மறுக்கிறார். மன்னனின் நேரடி அதிகாரம் மையப்பகுதியோடு சரி, அப்பால் சடங்குவழித் தலைமைதான், பல ஊர்கள் சேர்ந்த 'நாடு' என்ற வட்டாரமே அடிப்படை அலகு என்கிறார். 'கூறாக்க அரசு' என்று அவர் அழைக்கும் இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஐடன் சௌத்தால் ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றி 1956இல் எழுதிய நூலில் போய் நிற்போம். அங்கே பிறந்த கருத்து காவிரிச் சமவெளிக்குப் பொருந்துமா? அந்தக் கேள்வியை ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் புரட்ட வேண்டும்.

வரலாற்றாய்வாளர் நொபோரு கராஷிமாவிடம் வந்தால் முறை மாறுகிறது. அவரிடம் அட்டவணைகளையே முதலில் படிக்கிறேன். 1966இல் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை திருச்சிப் பகுதியின் இரண்டே ஊர்கள். அல்லூரில் நிலம் ஊராரின் பொதுவுடைமையாக இருந்தது. பிரமதேயமான, அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊரான, ஈசானமங்கலத்தில் தனித்தனியாருக்கு உரிமையாக இருந்தது. சாசனங்களில் யார் விற்றார், யார் வாங்கினார் என்று பார்த்துப் பார்த்து அடைந்த முடிவு. எவ்வளவு அடக்கமான கேள்வி, எவ்வளவு உறுதியான விடை!

அடுத்து எ.சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் புவியியல் நூல். சாசனங்களில் சிதறிக் கிடந்த ஊர்ப்பெயர்களைக் கொண்டு நாடுகளை அவர் வரைபடத்தில் நிறுத்தினார். அந்த வரைபடங்களை மேசையில் விரித்துவைத்து ஸ்டெய்னை மறுபடி படித்தால், 'நாடு' என்று அவர் எழுதும் இடமெல்லாம் எந்த ஆற்றங்கரை, எந்தெந்த ஊர்கள் என்று கேட்கத் தோன்றும்.