நியூ வேர்ல்ட் ஆர்டர் (மல்யுத்தக் குழு)

நியூ வேர்ல்ட் ஆர்டர், 1996-இல் அமெரிக்காவின் டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனத்தில் உருவான தொழில்முறை மல்யுத்தக் குழு. போட்டி நிறுவனத்திலிருந்து விலகி வந்த ஸ்காட் ஹால், கெவின் நாஷ் இருவரும் படையெடுத்து வந்தவர்களாகவே காட்டப்பட்டனர். மூன்றாமவர் யார் என்பது மறைக்கப்பட்டது. ஜூலை 7 அன்று, சிறுவர்களின் நாயகனான ஹல்க் ஹோகன் அவர்கள் பக்கம் சாய்ந்ததும் பார்வையாளர்கள் மேடைமீது குப்பைகளை வீசினர். அந்தக் கோபமே குழுவின் முதல் வெற்றி.

வில்லன் குழு கடைசியில் தோற்பதற்காகவே எழுதப்படுகிறது. அதற்கான நாயகன் ஸ்டிங். ஓராண்டுக்கும் மேலாக அவர் பேசவில்லை, மோதவில்லை. அரங்கக் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வருவார், அவ்வளவுதான். 1997 டிசம்பரில், ஸ்டார்கேட் நிகழ்ச்சியில் அவர் ஹோகனை எளிதாக வீழ்த்தியிருக்க வேண்டும். மாறாக, ஹோகன் அவரை அழுத்திப் பிடிக்க நடுவர் மூன்று எண்ணிவிட்டார். அவசரமாக எண்ணினார் என்று சொல்லி ஆட்டத்தைத் தொடரவைத்த பின்னரே ஸ்டிங் வென்றார். திரையில் அந்த எண்ணிக்கையில் அவசரம் எதுவும் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

பின்னர் உறுப்பினர்கள் பெருகினர். 1998-இல் குழு இரண்டாக உடைந்தது. ஆயினும் 2013-இல் ஜப்பானில் தோன்றிய புல்லட் கிளப் இவர்களது கைச்சைகையையே எடுத்துக்கொண்டது.